டைரக்டரி (ஃபோல்டர்) இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உருவாக்கினால் போதுமா?

கேள்வி: பைதானில் ஓஎஸ்.பாத்.எக்ஸிஸ்ட்ஸ் வைத்துப் பார்த்து, இல்லையென்றால் மட்டும் ஓஎஸ்.மேக்டிர்ஸ் அழைக்கிறேன். சரிதானே?

போதாதுங்க. நானும் பல வருடம் அப்படித்தான் எழுதினேன். நடுராத்திரியில் ஓடும் ஒரு வேலை, அதில் ஒரே நேரத்தில் தனித்தனியாக ஓடும் நான்கு ப்ராசஸ். நான்கும் அன்றைய தேதியில் ஒரு டைரக்டரி உருவாக்கி அதில் எழுத வேண்டும். எப்போதாவது ஒருநாள் அதில் ஒன்று மட்டும் ‘ஃபைல் எக்ஸிஸ்ட்ஸ் எரர்’ காட்டிச் செத்துக் கிடக்கும். காலையில் மறுபடி ஓட்டினால் ஒரு குறையும் இருக்காது, ஏனென்றால் அதற்குள் டைரக்டரி வந்துவிட்டது. அதனால்தான் கண்டுபிடிக்க அத்தனை நாள் ஆனது.

நடந்தது இதுதான். முதல் ப்ராசஸ் பார்க்கிறது: இல்லை. அது உருவாக்கப் போவதற்குள் இரண்டாவதும் பார்க்கிறது: இல்லை. முதலாவது உருவாக்கிவிடுகிறது. இரண்டாவது போய் முட்டிக்கொள்கிறது. பார்ப்பதற்கும் செய்வதற்கும் நடுவில் உள்ள அந்த இடைவெளியை எத்தனை ‘இஃப்’ போட்டாலும் அடைக்க முடியாது.

ஆனால் மேக்டிர்ஸ் உள்ளே அழைக்கும் எம்கேடிர் என்ற சிஸ்டம் கால் (இயங்குதளத்திடம் வைக்கும் கோரிக்கை), பார்ப்பதையும் உருவாக்குவதையும் இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குள் ஒரே செயலாக முடித்துவிடும். நூறு பேர் ஒரே பெயரில் கேட்டாலும் ஒருவருக்குத்தான் வெற்றி. மற்றவர்களுக்கு ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்று பதில் வரும். ஆகவே முன்கூட்டிப் பார்க்காதீர்கள். நேராக உருவாக்குங்கள், அந்தப் பதில் வந்தால் சரி என்று எடுத்துக்கொள்ளுங்கள். பைதான் 3.2 முதல் மேக்டிர்ஸில் ‘எக்ஸிஸ்ட்_ஓகே=ட்ரூ’ கொடுத்தால் அதுவே இதைச் செய்துவிடும். ஃபைல் பாதைகளைக் கையாளும் பாத்லிப் நூலகம் பயன்படுத்துகிறவர்களுக்கு 3.5 முதல் இதே வசதி உண்டு.

அந்தப் பெயரில் டைரக்டரிக்குப் பதில் சாதாரண ஃபைல் இருந்தால் அப்போதும் எரர் வரும். வரட்டும், அது உண்மையான பிழை. சிலர் இயங்குதளப் பிழைகள் எல்லாம் அடங்கும் ‘ஓஎஸ்எரர்’ முழுவதையும் பிடித்து, எதுவும் செய்யாமல் விட்டுவிடும் ‘பாஸ்’ போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அனுமதி இல்லை, டிஸ்க் நிறைந்துவிட்டது போன்ற தகவலும் அதோடு புதைந்துவிடும்.

இன்னொன்று. எக்ஸிஸ்ட்_ஓகே, டைரக்டரியை யார் உருவாக்கியது என்று பார்க்காது. டெம்ப் (தற்காலிக ஃபைல்களுக்கான டைரக்டரி) போலப் பலரும் எழுதும் இடத்தில், உங்களுக்கு முன்பே வேறொருவர் அந்தப் பெயரில் சிம்லிங்க் (வேறு இடத்தைச் சுட்டும் இணைப்பு) போட்டு வைத்திருக்கலாம். அது ஒரு டைரக்டரியைக் காட்டினால் உங்கள் கோட் அப்படியே ஏற்றுக்கொள்ளும். அங்கே டெம்ப்ஃபைல்.எம்கேடிடெம்ப் பயன்படுத்துங்கள். யூகிக்க முடியாத பெயரில், உங்களுக்கு மட்டும் திறக்கும் 0700 அனுமதியோடு புது டைரக்டரி கிடைக்கும்.