மிட்டாயில் இருந்த கட்டுப்பாடு சம்பளத்தில் எங்கே போனது?

கேள்வி: சின்ன வயதில் எனக்கு எலுமிச்சை மிட்டாய் என்றால் உயிர். தம்பி வாயில் போட்டதும் நறுக்கென்று கடித்துவிடுவான். நான் கன்னத்தில் ஒதுக்கி, சில்லாகத் தேய்ந்து நாக்கைக் கீறும்வரை வைத்திருப்பேன். பொட்டலம் அம்மாவிடம் மேல்தட்டில் இருக்கும். நாளுக்கு ஒன்று தருவார். இப்போது வயது 34. சம்பளம் வந்து இருபதே நாளில் கணக்கு காலி. தம்பியோ வீட்டுக் கடனில் பாதியை அடைத்துவிட்டான். என் கட்டுப்பாடெல்லாம் எங்கே போனது? சேமிக்க என்ன வழி?

பதில்: போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, 'பொட்டலம் மேல்தட்டில்' என்று, பதில் அதிலேயே இருக்கிறது. கன்னத்தில் ஒதுக்கியது உங்கள் சாமர்த்தியம்தான், மறுக்கவில்லை. ஆனால் பொட்டலம் முழுவதும் உங்கள் கையில் இருந்திருந்தால்? இன்று இருக்கிறது, கைபேசிச் செயலி வடிவில்.

குழந்தைகள் முன் ஒரு தின்பண்டத்தை வைத்து, 'காத்திருந்தால் இரண்டு' என்று சொல்லிப் பார்த்த ஸ்டான்ஃபோர்டு சோதனையை மன உறுதிக்குச் சான்றாகப் பலர் சொல்வார்கள். அதை நடத்திய உளவியலாளர் வால்டர் மிஷெல் 1970-இல் வெளியிட்ட ஆய்வில் எனக்குப் பிடித்தது வேறு: பண்டம் கண்ணில் படாதபோது குழந்தைகள் பல மடங்கு நேரம் காத்திருந்தார்கள். 2018-இல் 900-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவை வைத்து அந்தச் சோதனையை மறுபடி ஆராய்ந்தபோது, சிறுவயதுப் பொறுமைக்கும் பிற்காலப் படிப்புக்கும் இருந்த தொடர்பு முந்தைய ஆய்வுகள் சொன்னதில் பாதிதான் தெரிந்தது. குடும்பப் பின்னணியைக் கணக்கில் எடுத்ததும் அதிலும் பெரும்பகுதி கரைந்தது. மிட்டாயைக் கடித்த தம்பி கடனை அடைப்பதில் ஆச்சரியமே இல்லை. அவரோடு ஒப்பிடுவதை விடுங்கள்.

செய்ய வேண்டியது இது. வேறொரு வங்கியில் ஒரு கணக்கு தொடங்குங்கள். அதற்கு டெபிட் கார்டு வேண்டாம், செயலியும் வேண்டாம். சம்பளம் விழுந்த மறுநாளே அதற்குத் தானாகப் பணம் போகும்படி வங்கியில் நிலையான உத்தரவு கொடுத்துவிடுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சுவதைப் போடலாம் என்றால் மிஞ்சாது; இருபதே நாளில் காலியாகும் உங்கள் கணக்கே அதைச் சொல்லிவிடுகிறது.

எவ்வளவு? சம்பளத்தில் 5 சதவீதம் போதும். முதல் மாதமே 30 சதவீதம் என்று வீராப்பாக ஆரம்பிப்பவர்கள் மூன்றாம் மாதம் உத்தரவை ரத்து செய்ய வந்து நிற்பார்கள். அடுத்த சம்பள உயர்வில் பாதியை இப்போதே இந்தக் கணக்குக்கு எழுதி வையுங்கள். கைக்கு வராத பணத்தை விட்டுக்கொடுப்பது வலிக்காது. பொருளாதார ஆய்வாளர்கள் ரிச்சர்ட் தேலரும் ஷ்லோமோ பெனார்ட்சியும் இதே போன்ற முறையை ஒரு நிறுவனத்தில் கொண்டுவந்தபோது, சேர்ந்த ஊழியர்களின் சேமிப்பு 40 மாதங்களில் சம்பளத்தில் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதமானது. அவர்களுக்குப் புதிதாக மன உறுதி முளைத்துவிடவில்லை.

இன்னொன்று. பயணத்துக்கென்று சேர்த்தால் பயணம் போங்கள். ஒவ்வொரு முறையும் அதை உடைத்து வண்டி பழுதுக்குக் கொடுத்தால், காத்திருந்து பயனில்லை என்று மனசு முடிவுகட்டிவிடும். பழுதுக்கும் மருத்துவத்துக்கும் ஒரு மாதச் செலவளவு தனியாக இருக்கட்டும். முதலில் சேர வேண்டியது அதுதான்.

கிரெடிட் கார்டு பாக்கி பற்றி நீங்கள் எழுதவில்லை. இருந்தால், அந்த 5 சதவீதம் முதலில் அங்கே போகட்டும். சேமிப்புக்குக் கிடைக்கும் வட்டியைவிட அதன் வட்டி பல மடங்கு.