வெடைக்கோழிக்கு ரத்தக்கழிச்சல்: லேயர் தீனியை இன்றே நிறுத்துங்கள்

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார்: "அண்ணே, லயத்துப் பின்பக்கம் பன்னிரண்டு கம்போங் கோழி வளர்க்கிறேன், எல்லாம் ஒன்பது வார வெடை. ஒரு வாரமாக மழை விடவில்லை. இரண்டு செத்துவிட்டன, நான்கு இறக்கையைத் தொங்கப்போட்டுக் கண்ணை மூடி மூலையில் நிற்கின்றன, எச்சத்தில் ரத்தம் தெரிகிறது. சீக்கிரம் முட்டை போடட்டும் என்று இரண்டு வாரம் முன்னால்தான் லேயர் தீனிக்கு மாற்றினேன். மஞ்சளும் பூண்டும் அரைத்துக் கொடுத்தும் கேட்கவில்லை."

தங்கச்சி, நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இது பெரும்பாலும் ரத்தக்கழிச்சல்தான். காக்சிடியா என்று ஒரு ஒட்டுண்ணி, குடலுக்குள் பெருகி அதன் சுவரைக் கிழிக்கிறது. அதன் முட்டை எச்சத்தோடு வெளியே வரும். வந்ததும் தொற்றாது, ஈரமும் சூடும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் பழுத்துத் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். அந்தத் தரையைக் கோழி கொத்தினால் திரும்ப வயிற்றுக்குள் போகிறது. நம் ஊர் மழைக்கு நனைந்த மரத்தூளைவிட அதற்கு வசதியான இடம் இல்லை.

தீனி மாற்றியதும் இதில் சேர்ந்துகொண்டது. பல கம்பெனிகளின் குஞ்சுத் தீனியில் இந்த ஒட்டுண்ணியை அடக்கி வைக்கும் மருந்து கொஞ்சம் கலந்திருக்கும், லேயர் தீனியில் பொதுவாக அது இருக்காது. மருந்துத் தீனி நின்ற நேரமும் மழை பிடித்த நேரமும் ஒன்றாகிவிட்டன. இன்னொரு கெடுதலும் உண்டு. லேயர் தீனியில் சுண்ணாம்புச் சத்து மூன்றரை, நான்கு சதவீதம் வரை இருக்கும், வளரும் கோழிக்கு ஒரு சதவீதம் போதும். முட்டை ஓடு செய்ய வேண்டிய வயது வராத கோழி அவ்வளவு சுண்ணாம்பை என்ன செய்யும்? சிறுநீரகத்தில்தான் போய்ப் படியும். லேயர் தீனி போட்டால் சீக்கிரம் முட்டை வரும் என்பதும் தப்பு. கம்போங் கோழி முட்டையிட ஐந்து, ஆறு மாதம் ஆகும். முதல் முட்டை தெரிகிற வரை வளர்கோழித் தீனி கொடுங்கள், புரதம் பதினைந்து பதினாறு சதவீதம் இருக்கிறதா என்று மூட்டையில் பாருங்கள்.

மருந்துக்கு முன்னால் ஒரு சோதனை. இன்று இரவு சோர்ந்த கோழிகளுக்குக் கீழே பழைய பேப்பரை விரித்துவிட்டுக் காலையில் எச்சத்தைப் பாருங்கள். சாக்லேட் நிறத்தில் பசைபோல, மோசமான நாற்றத்தோடு ஒன்றிரண்டு இருந்தால் பயப்பட வேண்டாம், அது குடல்வால் எச்சம், நல்ல கோழியும் போடும். சிவப்பாக, ரத்தம் கட்டியாகக் கலந்து பேப்பரில் ஊறியிருந்தால் அது நோய். அப்படியே கோழியைத் தூக்கி நெஞ்செலும்பைத் தடவுங்கள். இரண்டு பக்கமும் சதை இல்லாமல் கத்தி முனைபோலக் கைக்குத் தட்டினால் அது பல நாளாகவே தின்னவில்லை என்று அர்த்தம். கழுத்தடியில் உள்ள இரைப்பையையும் தொட்டுப் பாருங்கள், நல்ல கோழிக்கு மாலையில் அது நிறைந்திருக்கும், காலையில் காலியாக இருக்கும்.

மருந்து ஆம்ப்ரோலியம், கால்நடை மருந்துக் கடையில் கேளுங்கள். இருபது சதவீதத் தூள் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 1.2 கிராம், ஐந்து நாள். அப்புறம் 0.3 கிராம், இன்னும் ஒன்றிரண்டு வாரம். வேறு பலத்தில் இருந்தால் லேபிளில் உள்ள அளவுதான் சரி, கண் மதிப்பில் போடாதீர்கள். சோர்ந்த கோழி தீனியைத் தொடாது, ஆனால் தண்ணீர் குடிக்கும், அதனால்தான் தண்ணீரில் கொடுக்கிறோம். நிற்கிற பத்துக் கோழிக்கும் சேர்த்துக் கொடுங்கள், நன்றாக இருப்பவற்றுக்கும் உள்ளே இருக்கும். பத்துக் கோழி ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் போலக் குடிக்கும், அதைத் தினமும் புதிதாகக் கலக்குங்கள், வேறு தண்ணீர் வைக்காதீர்கள்.

இந்த மருந்து கொடுக்கும்போது பி விட்டமின் டானிக் கூடாது. ஆம்ப்ரோலியம் பி1 விட்டமினைப் போல வேஷம் போட்டுத்தான் ஒட்டுண்ணியைப் பட்டினி போடுகிறது, நாமே பி1 கொடுத்தால் மருந்து வீணாகும். ஆரம்ப காலத்தில் நான் தெரியாமல் இரண்டையும் ஒன்றாகக் கலந்து, ஐந்து நாளில் நிற்க வேண்டிய கழிச்சலைப் பத்து நாள் இழுத்தடித்தேன், அதில் மூன்று கோழி போயின. மஞ்சளும் பூண்டும் கொஞ்சம் கொடுத்தால் கெடுதல் இல்லை, ஆனால் அவை மருந்தின் இடத்தை நிரப்பாது.

சோர்ந்த நான்கையும் பிரித்து அட்டைப்பெட்டியில் வைத்து, காற்று படாமல், ராத்திரி ஒரு பல்பு போடுங்கள். தீனியைத் தண்ணீரில் குழைத்துக் கஞ்சிப் பதத்தில், கொஞ்சம் கொஞ்சமாக நாலைந்து முறை வையுங்கள், ஒரு மணி நேரத்தில் மீதியை எடுத்துவிடுங்கள், நம் வெயிலுக்கு அது புளித்துவிடும். வீட்டுச் சோறு ருசிக்கு மட்டும் போதும். செம்பனைப் புண்ணாக்கு மலிவாகக் கிடைக்கிறது என்று போடாதீர்கள், நார் அதிகம், புண்பட்ட குடலுக்கு ஆகாது. பூஞ்சை வாடை அடிக்கும் தீனியை எந்தக் கோழிக்கும் போடக் கூடாது.

தரைதான் முக்கியம். நனைந்த மரத்தூளை மொத்தமாக வாரி எடுங்கள். பிளீச் ஊற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள், காக்சிடியா முட்டை பிளீச்சுக்குச் சாகாது. வெயிலும் உலர்ந்த தரையும்தான் அதற்குப் பகை. முடிந்தால் கூட்டை முழங்கால் உயரத்துக்குத் தூக்கிக் கம்பி வலைத் தரை போடுங்கள், எச்சம் கீழே விழுந்துவிடும். தண்ணீர்த் தொட்டியைக் கோழியின் முதுகு உயரத்துக்குத் தொங்கவிடுங்கள், அதில் எச்சம் விழாது, சிந்துவதும் குறையும். செத்தவற்றைப் பாமாயில் காட்டு வாய்க்காலில் போடாமல் ஆழமாகப் புதையுங்கள்.

கழுத்து முறுக்கிக்கொள்வது, வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, பச்சைக் கழிச்சல், ஒரே நாளில் நாலைந்து சாவது, இவை தெரிந்தால் வேறு கதை. அது சம்பார் எனப்படும் வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம், மருந்து கிடையாது. செத்த கோழி ஒன்றைப் பையில் கட்டி ஐஸில் வைத்து அன்றே மாவட்டக் கால்நடை மருத்துவச் சேவை அலுவலகத்துக்குக் கொண்டு போங்கள், ஃப்ரீஸரில் வைக்காதீர்கள், பரிசோதனை கெட்டுவிடும். 1980களில் செர்டாங்கில் இருந்த விவசாயப் பல்கலைக்கழகத்திலேயே, இந்த நோய் வராமல் இருக்க, கம்போங் கோழிக்குத் தீனியில் கலந்து கொடுக்கும் வெப்பம் தாங்கும் தடுப்பு மருந்தை ஆஸ்திரேலியாக்காரர்களோடு சேர்ந்து உருவாக்கினார்கள். உங்கள் வெடைகள் தேறியதும், இப்போது என்ன தடுப்பு மருந்து கிடைக்கிறது என்று அந்த அலுவலகத்திலேயே கேட்டுவிடுங்கள்.