டீசல் ஜெனரேட்டருக்கு கேஸ் கிட்: கடன் வாங்கிப் போடலாமா?

கேள்வி: எங்கள் பட்டறையில் டீசல் ஜெனரேட்டர் தினமும் ஓடுகிறது. இப்போது குழாய் வழியாக இயற்கை எரிவாயு வந்துவிட்டது. டீசலோடு கேஸையும் சேர்த்து ஓட்டும் கிட் மாட்டினால் 70 சதவீத டீசலுக்குப் பதில் கேஸே போதும், போட்ட பணம் 14 மாதத்தில் திரும்பிவிடும் என்கிறார் விற்பனையாளர். வங்கி மூன்று வருடக் கடன் தரத் தயார். வாங்கலாமா? பெட்ரோல் டெலிவரி வேனையும் மாற்றலாமா?

பதில்: இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். 70 என்பது பொய்யில்லை. ஆனால் அது இன்ஜின் நடுத்தர லோடில், அதாவது தன் முழுத் திறனை நெருங்காமலும் அதற்கு ரொம்பக் குறையாமலும் ஓடும்போது வரும் கணக்கு. உங்கள் பட்டறையின் கணக்கு வேறாக இருக்கலாம்.

இயற்கை எரிவாயுவில் பெரும்பகுதி மீத்தேன்தான். அது தானாகப் பற்றிக்கொள்ள சுமார் 540 டிகிரி செல்சியஸ் வேண்டும். டீசலுக்கு அதில் பாதிகூட வேண்டாம். அதனால் உள்ளே போகும் காற்றோடு கேஸைக் கலந்துவிட்டு, கொஞ்சம் டீசலைப் பீய்ச்சித்தான் பற்றவைக்கிறார்கள். நடுத்தர லோடில் இது அருமையாக வேலை செய்யும். லோடு குறைந்தால் கலவை நீர்த்துப்போய், கேஸில் ஒரு பங்கு எரியாமலே புகைக்குழாய் வழியாக வெளியேறிவிடும். அதற்கும் பில் உங்களுக்குத்தான். முழு லோடை நெருங்கினாலோ கேஸ் தாறுமாறாகப் பற்றி இன்ஜின் தட்ட ஆரம்பிக்கும் என்பதால் கேஸின் அளவைக் குறைத்தாக வேண்டும். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று தேவைக்கு மேல் பெரிய ஜெனரேட்டர் வாங்கியவர்கள் பெரும்பாலும் குறைந்த லோடில்தான் ஓட்டுகிறார்கள். நீங்களும் அப்படியா என்று முதலில் பாருங்கள்.

பணத்துக்கு வருவோம். மாத டீசல் செலவு 100, கிட்டின் விலை 400 என்று வைத்துக்கொள்வோம். அதே ஆற்றலுக்கு கேஸ் 60தான் ஆகிறது. 70 சதவீதம் மாறினால் மாதம் 28 மிச்சம். 14 மாதத்தில் போட்ட முதல் திரும்பும். விற்பனையாளர் சொன்னது இதுதான். உண்மையில் 40 சதவீதம்தான் மாறுகிறது, பராமரிப்புக்கு மாதம் 2 கூடுதல் என்றால் மிச்சம் 14. முதல் திரும்ப 29 மாதம். கேஸ் விலை 80க்கு ஏறினால் மிச்சம் வெறும் 6. அப்போது ஐந்தரை வருடம் ஆகும், கடன் தவணையோ மூன்றே வருடத்தில் முடிய வேண்டும்! இதில் வட்டியை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

விலையை ஒப்பிடும்போது ஒரு கன மீட்டர் கேஸை ஏறக்குறைய ஒரு லிட்டர் டீசலுக்குச் சமமாக வையுங்கள். கிலோ கணக்கில் விற்றால், ஒரு கிலோ சுமார் 1.3 லிட்டர்.

எனவே ஒரு மாதம் மணிக்கொரு தடவை லோடைக் குறித்து வையுங்கள். அதைக் காட்டி, ‘இந்த லோடில் எத்தனை சதவீதம் மாறும்?’ என்று எழுத்தில் கேளுங்கள். விற்பனையாளருக்குத் தரும் கடைசித் தவணையை, டீசல் குறைந்ததை மீட்டர் காட்டிய பிறகே தருவதாகப் பேசிக்கொள்ளுங்கள். மறுக்கும் விற்பனையாளரை நான் நம்பமாட்டேன். இன்ஜின் வாரன்டியும் இன்சூரன்ஸும் செல்லுமா என்பதற்கும் எழுத்தில் பதில் வேண்டும். எல்லாவற்றையும்விட கேஸ் ஒப்பந்தத்தைக் கவனியுங்கள். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் குறைந்தபட்ச அளவுக்குப் பணம் கட்ட வேண்டும் என்ற விதி இருந்தால், வேலை குறைந்த மாதங்களில் கிட்டின் மிச்சம் முழுவதையும் அதுவே தின்றுவிடும்.

இந்த கிட்டில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. கேஸ் நின்றாலும் விலை எகிறினாலும் முழு டீசலுக்குத் திரும்பிவிடலாம். கேஸில் மட்டுமே ஓடும்படி இன்ஜினை மாற்றியவருக்கு அந்த வசதி கிடையாது. அதனால் உங்கள் லோடு நடுத்தரமாக இருந்து, 40 சதவீதக் கணக்கிலும் வட்டி போகக் கையில் நிற்கிறது என்றால் தாராளமாகப் போடுங்கள். பாதியாவது கைப்பணமாக இருக்கட்டும்.

வேன் வேறு கதை. பெட்ரோல் இன்ஜினில் இரண்டும் சேர்ந்து எரியாது. ஒரு நேரத்தில் ஒன்றுதான். மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்பதே அங்கே கணக்கு. 200 பார் அழுத்தம் தாங்கும் சிலிண்டர் சரக்கு வைக்கும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், இழுவையும் கொஞ்சம் குறையும். நாள் முழுக்க ஓடும் வேன் என்றால் ஜெனரேட்டருக்கு முன்பே இதை மாற்றலாம்.