'எம்.டி.க்குச் சமம்' என்றால் எழுதித் தரச் சொல்லுங்கள்

கேள்வி: என் மகள் எம்.பி.பி.எஸ். முடித்து ஹவுஸ் சர்ஜன் பயிற்சியும் முடித்துவிட்டாள். நீட் பி.ஜி.யில் ரேங்க் போதவில்லை. ஒரு தனியார் மருத்துவமனையில் அவசர மருத்துவத்தில் மூன்றாண்டு முதுநிலைப் படிப்பு இருக்கிறதாம், வெளிநாட்டுப் பல்கலைக்கழகச் சான்றிதழ் தருவார்களாம். "எம்.டி.க்குச் சமம், 108-லும் டாக்டராகப் போகலாம்" என்று சொல்லி கன்சல்டன்சிக்காரர் முன்பணம் கேட்கிறார். சேர்க்கலாமா? – ஒரு தந்தை, கரூர்

பதில்: ஐயா, முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

இந்தியாவில் அவசர மருத்துவத்தைத் தனித்துறையாக ஏற்றுக்கொண்டதே 2009-ல்தான். இதில் நிபுணராக முக்கிய வழி இரண்டு: மருத்துவக் கல்லூரியில் எம்.டி., அல்லது தேசியத் தேர்வு வாரியம் தரும் டி.என்.பி. என்ற முதுநிலைப் பட்டம். இரண்டுக்கும் நுழைவுத் தேர்வு, கவுன்சலிங் உண்டு. நிர்வாக ஒதுக்கீடுகூடக் கவுன்சலிங் வழியாகத்தான். அது இல்லாமல் ஒருவர் 'சீட்' விற்கிறார் என்றால், உங்கள் மகளுக்குக் கிடைக்கப்போவது மூன்று வருட நைட் டியூட்டி. அதற்குக் கட்டணம் கட்டப்போவது நீங்கள்.

தொழில் கற்றுக்கொள்ள மாட்டாளா? நன்றாகவே கற்பாள். அப்படிப் படித்தவர்களில் கை தேர்ந்தவர்கள் பலரை எனக்குத் தெரியும். சிக்கல் படிப்பு முடிந்த பிறகு வரும். அந்தப் பட்டத்தை மருத்துவ கவுன்சிலில் கூடுதல் தகுதியாகப் பதிய முடியாது. அதை வைத்து மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராக முடியாது. மருத்துவர்களுக்கான 2002-ம் ஆண்டு நன்னடத்தை விதிப்படி பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளவும் கூடாது.

ஒரே ஒரு விலக்கு, பிரிட்டன். மகள் அங்கே போய் வேலை பார்ப்பது உறுதி என்றால் எம்.ஆர்.சி.இ.எம். என்ற அந்நாட்டு அவசர மருத்துவத் தேர்வு உதவும். பிரைமரி, இன்டர்மீடியட், ஓ.எஸ்.சி.இ. எனும் செய்முறைத் தேர்வு என்று மூன்று கட்டம். மூன்றும் தேறினால் அந்நாட்டு மருத்துவ கவுன்சிலில் பதிவு கேட்கலாம். ஆங்கிலத் தேர்வு தனி. ஆனால் இதை நடத்துவது லண்டனில் உள்ள அவசர மருத்துவ ராயல் காலேஜ். கட்டணத்தை நேராக அவர்களுக்கே கட்டலாம். இந்த மருத்துவமனையில் சேர்ந்தால்தான் எழுத முடியும் என்று யாராவது சொன்னால் அது பொய். எங்காவது கேஷுவாலிட்டியில் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். தேறிவிட்டு இங்கேயே இருந்துவிடலாம் என்று நினைத்தால், அந்தத் தேர்ச்சி மட்டும் இங்கே எம்.டி. ஆகாது. பிரிட்டன் போகிறவர்களுக்கு மட்டும், போவது உறுதியானவர்களுக்கு மட்டும் என்று நான் அழுத்திச் சொல்வது அதனால்தான்.

108 விஷயத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2008 முதல் ஓடும் அந்த வண்டியில் நோயாளியைப் பார்ப்பவர் அவசர மருத்துவ உதவியாளர். டாக்டர் இருப்பது கட்டுப்பாட்டு மையத்தில், போனில் வழிகாட்ட. பிரான்சில் டாக்டரே வண்டியில் ஏறி வருகிறார், லண்டனில் 1989 முதல் ஹெலிகாப்டரில் போகிறார். இப்படி நோயாளி இருக்கும் இடத்துக்கே டாக்டர் போவதை பிரிட்டன் துணைச்சிறப்புத் துறையாகவே வைத்திருக்கிறது. நம் ஊரில் அப்படி ஒரு பாதையே இன்னும் போடவில்லை.

போட வேண்டிய தேசிய மருத்துவ ஆணையத்தின் லட்சணம் இது: மருத்துவக் கல்லூரி தொடங்க அவசர மருத்துவத் துறை கட்டாயம் என்று 2020-ல் விதி வந்தது. 2023-ல் கட்டாயப் பட்டியலிலிருந்து அதையே தூக்கிவிட்டார்கள். துறை பெருகினால்தானே சீட் பெருகும்? சீட் இல்லாத இடத்தில் தரகர் கடை போடாமல் என்ன செய்வார்!

மகளுக்கு இந்தத் துறையில் உண்மையான ஆசை இருந்தால், ஒரு வருடம் கேஷுவாலிட்டியில் வேலை பார்த்தபடி மறுபடி நீட் எழுதட்டும். மற்ற பல பாடங்களுக்கு எட்டாத ரேங்கில்கூட இந்தப் பாடம் கிடைப்பதுண்டு, ரேடியாலஜிக்கு இருக்கும் அடிதடி இதற்கு இல்லை. சேர்வதற்கு முன் அந்த இடத்தின் பெயர் தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்திலோ, தேர்வு வாரியத்தின் இணையதளத்திலோ, அதே பாடத்துக்கு நேராக, இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். கன்சல்டன்சிக்காரர் காட்டும் பிரசுரத்தை நம்பாதீர்கள். 'எம்.டி.க்குச் சமம்' என்பதை லெட்டர்பேடில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள், தரமாட்டார்.

வேலைக்குச் சேரும்போதும் சில இடங்களில் ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு, பாதியில் விலகினால் பணம் கட்டச் சொல்வார்கள். காட்டிவிட்டுக் கையோடு வாங்கி வரச் சொல்லுங்கள். கொடுத்துவிட்டு வர ஜெராக்ஸ் போதும்.