பெட்டியை உடைத்த சொல்

ஐயா வணக்கம்,

எங்கள் ஊர் விதைத் திருவிழாவுக்கு லேண்டிங் பேஜ் (இணையத்தில் வருகிறவர் முதலில் காணும் பக்கம்) செய்கிறேன். லேப்டாப்பில் மூன்று பெட்டிகளும் ஒழுங்காக நிற்கின்றன. போனில் வலப்பக்கம் பிதுங்கி, பக்கமே இடம் வலமாக ஆடுகிறது. பிதுங்குவதை வெட்டிவிடும் ‘ஓவர்ஃப்ளோ ஹிட்டன்’ கட்டளையைப் போட்டு மறைத்திருக்கிறேன். பெட்டிகளை அடுக்கும் கிரிட் முறையை விட்டு, இன்னொரு முறையான ஃப்ளெக்ஸ்பாக்ஸுக்கு மாறலாமா? ஸ்கிரீன்ஷாட் இணைத்துள்ளேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மாற வேண்டாம், அங்கேயும் இதே தொல்லைதான். முதலில் அந்த ஹிட்டனை எடுங்கள். மூன்றாவது பெட்டியிலிருந்த தேதியை அது விழுங்கிவிட்டது, பார்த்தீர்களா? என்றைக்கு என்றே சொல்லாத திருவிழா அழைப்பு!

இரண்டு வாரமாக இதே எரிச்சலில் இருந்தேன்; நீங்கள் வந்து மாட்டிக்கொண்டீர்கள். கிரிட் மேல் தப்பில்லை. ‘முன்பதிவுசெய்துகொள்ளாதவர்களுக்கும்’ என்று ஒரே மூச்சில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் குற்றவாளி. கிரிட்டில் ஒவ்வொரு பெட்டியின் அகலத்துக்கும் 1எஃப்ஆர் என்று கொடுத்தால் சரிபங்கு என்று நம்புகிறோம். ஆனால் உள்ளே இருக்கும் மிக நீளமான சொல்லின் அகலத்துக்குக் கீழே பெட்டி இறங்காது. அகலத்தின் கீழ், மேல் எல்லைகளைச் சொல்லும் மின்மேக்ஸில் கீழ் எல்லையைப் பூஜ்ஜியமாக்கினால் பெட்டி இறங்கும், சொல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். நீளச் சொல்லை மடக்கும் ஓவர்ஃப்ளோ-ரேப்புக்கு ‘எனிவேர்’ (எங்கே வேண்டுமானாலும்) கொடுத்தால் சொல்லும் உடையும். எப்படி? ‘கொள்ளாதவ’ ஒரு வரி, ‘ர்களுக்கும்’ அடுத்த வரி. மெய்யெழுத்தில் தொடங்கும் வரியைப் பார்த்தால் எனக்குப் பல் கூசும்.

லோரம் இப்சம் என்ற போலி லத்தீன் வாசகத்தை நிரப்பித்தானே பெட்டிகளை அளந்தீர்கள்? லத்தீனுக்குத் தைத்த சட்டையைத் தமிழுக்கு மாட்டினால் தையல் விடத்தான் செய்யும். ‘முன்பதிவு செய்யாதவர்களும் வரலாம்’ என்று எழுத என்ன கேடு? திரைக்கேற்ப மாறும் பக்கத்துக்கு 2010-இல் ‘ரெஸ்பான்சிவ்’ என்று பெயர் வைத்த வலை வடிவமைப்பாளர் ஈதன் மார்காட், கிரிட்டும் படங்களும் நெகிழவேண்டும் என்றார், கூடவே திரையின் அகலத்தைப் பார்த்து அடுக்கை மாற்றும் மீடியா குவெரி. எழுதுகிறவன் கை நெகிழ்வதை யாரும் சேர்ப்பதில்லை.

நானும் யோக்கியன் இல்லை. 2003-இல் ஒரு துணிக்கடைக்குப் பக்கம் செய்தேன். 800×600 திரைக்கு 760 பிக்சல் அகலத்தில் டேபிள் (அட்டவணை), இடைவெளிக்குக் கண்ணுக்குத் தெரியாத ஜிஃப் படம். 120 பிக்சல் மெனுவில் ‘வாடிக்கையாளர்கருத்துகள்’ அடங்கவில்லை. எழுத்தை 9 பிக்சலாக்கினேன். முதலாளியின் அப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டி, மூக்கு மானிட்டரில் இடிக்கக் குனிந்து, “இது தமிழா தம்பி?” என்றார். கிண்டல் இல்லை. நிஜமாகவே தெரியவில்லை அவருக்கு.

சரி, போனில் பெட்டிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குங்கள்; திரையின் அகலம் 768 பிக்சலைத் தாண்டினால் மூன்றாகப் பிரியட்டும். தேதியை மேலே கொண்டுவாருங்கள். எனக்கும் எழுதுங்கள், என்றைக்கு என்று. மாப்பிள்ளைச் சம்பா வந்தால் ஒரு கிலோ எடுத்து வையுங்கள்.