லோக்கல் என்ற சொல்தான் உறுத்துகிறது

கேள்வி: நியூயார்க் மாநிலக் கல்லூரி ஒன்றில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகள், அங்கே ஒரு ‘லோக்கல் சொராரிட்டி’யில் (மாணவியர் சங்கம்) சேர்கிறாள். ஐந்து வாரமாக ‘ப்ளெட்ஜிங்’ (உறுப்பினராகும் முன் புதியவர்களைச் சோதிக்கும் காலம்) நடக்கிறதாம். இரவில் போனை எடுப்பதில்லை. சீனியர்களின் துணிகளைத் துவைத்துப் போடுகிறாள். இளைத்துவிட்டாள். கேட்டால், “வெளிய சொல்லக் கூடாதும்மா. குடியெல்லாம் கிடையாது, பயப்படாதே” என்கிறாள். கணவரோ, “நாங்க பார்க்காத ராகிங்கா?” என்று சிரிக்கிறார். கல்லூரிக்கு நான் போன் செய்யலாமா?
- ஒரு வாசகி, எடிசன், நியூஜெர்சி

பதில்: செய்யலாம். ஆனால் முதலில் மகளை நேரில் போய்ப் பாருங்கள்.

உங்கள் கணவர் பார்த்த ராகிங் வேறு. விடுதியில் இடம் கிடைத்த பாவத்துக்கு மாட்டிக்கொண்டது அது. உங்கள் மகளோ தோழிகள் வேண்டும் என்று தானே போய்க் கதவைத் தட்டியிருக்கிறாள். ‘நீயாத்தானே வந்தே’ என்ற ஒரு வரி போதும், அவள் வாயை அடைக்க. மேய்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஹேசிங்கை (சங்கத்தில் சேர வருபவர்களைப் படுத்தும் அமெரிக்க ராகிங்) அனுபவித்த பத்து மாணவர்களில் ஒன்பது பேர் அதை ஹேசிங் என்றே நினைக்கவில்லை. அதனால் அந்த வார்த்தையை எடுக்காதீர்கள். “நேத்து எத்தனை மணி நேரம் தூங்கினே?” என்று மட்டும் கேளுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது ‘லோக்கல்’ என்ற சொல்தான். நேஷனல் பேன்ஹெலனிக் கான்ஃபரன்ஸ் என்ற தேசியக் கூட்டமைப்பில் உள்ள 26 சொராரிட்டிகள் போன்றவற்றுக்குத் தலைமையகம், காப்பீடு, விதிமுறை எல்லாம் உண்டு. அங்கும் அட்டூழியம் நடக்கத்தான் செய்கிறது. ஆனால் கிளையை இழுத்து மூட மேலே ஒருவர் இருக்கிறார். லோக்கல் என்றால் அந்த ஒரு வளாகத்தோடு சரி. கல்லூரி அங்கீகாரமும் பறிபோய், வெளியே வாடகை வீட்டில் அதே பெயரில் நடந்தால் கேட்க நாதியில்லை. கல்லூரியின் இணையதளத்தில், அங்கீகரித்த சங்கங்களின் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். 2024 டிசம்பரில் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டப்படி, ஹேசிங்கில் பிடிபட்ட சங்கங்களின் விவரத்தையும் கல்லூரிகள் வெளியிட வேண்டும். அதையும் தேடுங்கள்.

‘குடி கிடையாது’ என்பதில் நிம்மதி அடையாதீர்கள். 2003-இல் அதே நியூயார்க் மாநிலத்தின் பிளாட்ஸ்பர்க்கிலும், 2005-இல் கலிபோர்னியாவின் சிகோவிலும் தலா ஒரு மாணவர் இறந்தார். இரண்டும் அங்கீகாரம் இல்லாத ஆண்கள் சங்கங்கள். கொன்றது வெறும் குடிதண்ணீர். அளவுக்கு மீறிக் குடிக்கவைத்ததில் ரத்தத்தில் சோடியம் இறங்கி, மூளை வீங்கிப் போனார்கள்.

அவள் பேசாததற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். 2017-இல் ஒரு மாணவர் இறந்ததும், ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகம் சம்பந்தமே இல்லாத சொராரிட்டிகளையும் சேர்த்து கிரேக்க எழுத்துகளில் பெயர் வைத்துக்கொள்ளும் இந்த மாதிரிச் சங்கங்கள் அத்தனையையும் நிறுத்திவைத்தது. நியூயார்க்கின் ஆல்ஃபிரட் பல்கலைக்கழகம் 2002-இல் அந்தச் சங்க முறையையே ஒழித்துவிட்டது. அதனால் ‘உன்னாலதான் எல்லாருக்கும் போச்சு’ என்ற பழிக்கு எந்தப் பெண்ணும் பயப்படுவாள்.

சரி, இந்தச் சனிக்கிழமை புளியோதரை கட்டிக்கொண்டு கிளம்புங்கள். ‘விட்டுட்டு வா’ என்று உடனே சொல்லாதீர்கள். விட்டு வந்தால் திங்கட்கிழமை மதியம் அவள் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவாள்? அதற்குப் பதில் கிடைக்காதவரை அவள் விடமாட்டாள். வகுப்புத் தோழி, நாட்டியக் குழு, யாரேனும் ஒருவர் கண்ணில் படுகிறாரா என்று அவளோடு சேர்ந்து தேடுங்கள்.

உடம்பில் காயம், மயக்கம், எதையாவது கட்டாயப்படுத்திக் குடிக்கவைத்தார்கள் என்று தெரிந்தால் அவள் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டாம். அவசரம் என்றால் 911. இல்லாவிட்டால் மாணவர் நல டீன் அலுவலகம். அவளுக்கு வயது 18 தாண்டியதால் அவளைப் பற்றி உங்களிடம் பேச மறுக்கலாம். நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்ள அவர்களுக்குத் தடையில்லை. மகள் பெயரைச் சொல்லாமல் சங்கத்தின் பெயரை மட்டும்கூடச் சொல்லலாம்.

அப்புறம், கணவரையும் கூட்டிப் போங்கள். சிரிக்காமல் வருவதாக இருந்தால்.