அப்பாவுக்கு 78 வயசு, பிசிஜி போட்டா பலன் இருக்குமா?

அப்பாவோட மூத்திரப்பை கேன்சருக்கு பிசிஜி மருந்து போடறதப் பத்தி பதினோரு கேள்வி எழுதியிருக்கீங்கம்மா, ஆனா உங்க தூக்கத்த கெடுக்கறது நடுவுல இருக்கற அந்த ஒரு வரிதான், "எழுபது தாண்டினா எதிர்ப்பு சக்தி இருக்காது, அந்த சக்திய தூண்டிவிடற இம்யூனோதெரபி வைத்தியம் பலிக்காதுன்னு நெட்ல போட்டிருக்கு, அப்புறம் எதுக்கு அவர வதைக்கணும்"னு.

நெட்ல போட்டது பாதி சரி. பிசிஜி மூத்திரப்பைக்குள்ள போய் கேன்சர நேரா கொல்றதில்ல, பொறந்த குழந்தைக்கு கையில போடற அதே தடுப்பூசி கிருமிதான் அது, உள்ள போய் வம்பிழுத்து நம்ம வெள்ளணுக்கள அங்க கூட்டிட்டு வரும், அடிக்கறது அதுங்க வேலை, வயசானா அந்தப் படை கொஞ்சம் மெதுவாதான் வரும். 80 தாண்டினவங்களுக்கு பலன் குறையுதுன்னு ஆய்வுகளும் இருக்கு. ஆனா 2014ல வந்த ஐரோப்பிய ஆய்வுல எழுபதுக்கு மேல உள்ளவங்கள தனியா பிரிச்சுப் பாத்தாங்க, நோய் முத்தறது அவங்களுக்கு சீக்கிரமா இருந்துச்சு, அது உண்மை, ஆனாலும் எபிருபிசின்ங்கற கீமோ மருந்தவிட அந்த வயசுலயும் பிசிஜிதான் நல்லா கேட்டுச்சு. அப்பாவோடது டி1, ஹை கிரேடு, அதாவது பையோட உள்தோலுக்கு அடியில இறங்கிடுச்சு, தசையத் தொடலன்னு இப்போதைக்குக் கணக்கு, வேகமா வளரக்கூடிய வகை. பிசிஜி வேணாம்னா அடுத்து பையையே எடுக்கற ஆபரேஷன் பத்திதான் பேசணும், 78ல எது வதைன்னு நீங்களே சொல்லுங்க.

இப்ப நான் சொல்றத மட்டும் எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வைங்க. மருந்து போட்ட ரெண்டு நாள் எரியும், அடிக்கடி பாத்ரூம் போவாரு, லேசா உடம்பு சுடும், பயப்படாதீங்க. காய்ச்சல் 101அ தாண்டினாலோ, குளிர்ல கட்டில் ஆடற மாதிரி நடுங்கினாலோ, லேசான காய்ச்சலே ரெண்டு நாளுக்கு மேல விடலன்னாலோ உடனே ஆஸ்பத்திரி. வயசானவங்களுக்கு சிலசமயம் காய்ச்சலே தெரியாது, சாப்பாடு வேணாம்பாங்க, சுருண்டு படுப்பாங்க, என்ன கிழமைன்னு கேட்டா முழிப்பாங்க, அதுவும் இதே கணக்குதான். கேஷுவாலிட்டில நுழைஞ்சதும் மொத வார்த்தையா "பிசிஜி போட்டிருக்கு, இந்த தேதி"ன்னு சொல்லுங்க. அந்தக் கிருமி ரத்தத்துல ஏறிட்டா சாதா ஆன்டிபயாடிக் பத்தாது, ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின்னு டிபி மருந்து வேணும். எங்கிட்ட வந்த ஒரு பெரியவருக்கு வீட்ல நாலு நாள் பாராசிட்டமாலும் மிளகு ரசமும் கொடுத்து வச்சிருந்தாங்க, பேச்சு குழறின பிறகுதான் கூட்டிட்டு வந்தாங்க, பிழைச்சாரு, ஆனா மாசக்கணக்கா டிபி மாத்திரை.

இன்னொண்ணு, மருந்த மூத்திரப்பைக்குள்ள விட டியூப் போடற அன்னிக்கு யூரின்ல ரத்தம் தெரிஞ்சாலோ இன்ஃபெக்‌ஷன் இருந்தாலோ அன்னிக்கு மருந்து விடக்கூடாது, கிருமி ரத்தத்துல ஏற வழியே அதுதான். அப்பா கூச்சப்பட்டு சொல்ல மாட்டாரு, காலையில நீங்களே கேட்டுடுங்க.

பேரனுக்கு டிபி ஒட்டுமா? ஒட்டாது, மடியில உக்காரட்டும். போட்ட அன்னிக்கு ஆறு மணி நேரம் உக்காந்து யூரின் போகச் சொல்லுங்க, ஒவ்வொரு தடவையும் ப்ளீச் ஊத்தி கால் மணி நேரம் கழிச்சு ஃப்ளஷ் பண்ணுங்க, அவ்ளோதான். மருந்து உள்ள நிக்கணும்னு ரெண்டு மணி நேரம் யூரின அடக்கச் சொல்வாங்க, அப்பாவால முடியாதேன்னு கவலைப்பட்டிருக்கீங்க, அன்னிக்கு காலையில டீ காபிய நிறுத்துங்க, அப்பவும் முடியலன்னா டாக்டர்கிட்ட சொல்லுங்க, திட்ட மாட்டாரு. இம்யூனிட்டி பவுடர் டப்பாவ தூக்கிப் போடுங்க.

எரிச்சலுக்கு வீட்ல மிச்சமிருந்த சிப்ரோஃப்ளாக்சசின கொடுக்கலாமான்னு கேட்டிருக்கீங்க பாருங்க, அதான் எனக்கு சுர்ருன்னு ஏறுச்சு. அந்த வகை மாத்திரை பிசிஜி கிருமியையே அடிக்கும், காசு கொடுத்து உள்ள விட்டத நீங்களே கொன்னுடுவீங்க. எந்த மாத்திரையா இருந்தாலும் போட்ட டாக்டர கேட்டுத்தான்.

பீடிய விட்டுட்டாருன்னு எழுதியிருக்கீங்க, எதுக்கும் சட்டைப்பைய ஒருதடவ பாத்துக்கோங்க. அப்புறம் கட்டி இருந்த இடத்த ரெண்டாவது தடவ சுரண்டிப் பாக்க குடுத்த தேதிய "பாவம் வயசானவரு"ன்னு தள்ளிப் போட்டீங்களாமே, டி1ல அதப் பாக்காம பிசிஜி ஆரம்பிக்கறது சரியில்ல, கீழ தசைக்குள்ள இறங்கியிருந்தா வைத்தியமே வேற. நாளைக்கே போன் பண்ணி புது தேதி வாங்குங்க.